கால்நடைக்குத் தொற்றா? மாதிரி எடுப்பது முதல் ஆய்வக முடிவைப் படிப்பது வரை

கால்நடை வளர்ப்பில் புதிதாக இறங்கியவர்கள், பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், கால்நடை மருத்துவம் படிக்கத் தொடங்கியவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வைத்தியம் செய்வது எப்படி என்று இதில் இருக்காது, அது மருத்துவரின் வேலை. நோய் இன்னதென்று கண்டுபிடிக்க மருத்துவருக்கும் ஆய்வகத்துக்கும் நீங்கள் எப்படிக் கைகொடுக்கலாம் என்பதுதான் பேச்சு.

ஆய்வகத்தில் எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் அதற்குள் போவது தொழுவத்தில் எடுத்த மாதிரிதான். ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மறுநாள் கறந்த பால், வெயிலில் கிடந்த ரத்தம், நோய் வந்து பத்து நாளான மாட்டின் மூக்குச்சளி, இவற்றை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. "கிருமி வளரவில்லை" என்று ஒரு தாள் வரும், மாடு நோயோடு அப்படியே நிற்கும். ஆகவே நோயறிதலில் பெரும்பங்கு ஆய்வகக் கதவைத் தாண்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்றுதான் நான் சொல்வேன்.

1. கை வைக்கும் முன்

சில நோய்களில் முதல் விதியே தொடாமல் இருப்பதுதான். நேற்று வரை நன்றாக இருந்த மாடு திடீரென்று இறந்து கிடக்கிறது. மூக்கிலோ ஆசனவாயிலோ கருத்த ரத்தம் உறையாமல் கசிகிறது. உடல் சீக்கிரமே உப்பிவிட்டது, ஆனால் சரியாக விறைக்கவில்லை. இப்படியென்றால் அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ், என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். இல்லை என்று பிறகு தெரிந்தால் நல்லதுதான். உடலை அறுக்கக் கூடாது, தோலை உரிக்கக் கூடாது, இழுத்துக்கொண்டும் போகக் கூடாது.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உண்டு. பேசில்லஸ் ஆந்த்ராசிஸ் என்ற அந்த பாக்டீரியா, மூடிய உடலுக்குள் ஆக்சிஜன் கிடைக்காத நிலையில் வித்தாக, அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் நிலைக்கு, மாறாது. உடல் அழுகும்போது பெருகும் மற்ற கிருமிகளே அதை ஒழித்துவிடும். உடலைத் திறந்து காற்றுப் பட்டால் வித்தாகிவிடும். வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் கிடந்து, பிறகு மேய வரும் கால்நடைக்குள் புகும். மருத்துவர் வந்தால் காது நரம்பிலிருந்து ஒரு துளி ரத்தம் மட்டும் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிக்கொள்வார். பாலிகுரோம் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை ஏற்றினால், முனை மழுங்காமல் வெட்டினாற்போன்ற நீலக் குச்சிகளும் அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பு உறையும் தெரியும். 1903இல் மெக்ஃபேடியன் விவரித்த முறை இது, இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

அடுத்தது வெறிநோய். எச்சில் ஒழுகுகிறது, விழுங்க முடியவில்லை, குரல் மாறிக் கத்துகிறது. தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து வாய்க்குள் கையை விடத்தான் பலருக்கும் முதலில் தோன்றும். விடாதீர்கள். வெறிநோயிலும் இதே அறிகுறிகள்தான். உயிரோடு இருக்கும் மாட்டில் அதை நம்பகமாக உறுதிசெய்யும் சோதனை கிடையாது, இறந்த பிறகு மூளைத் திசுவில்தான் பார்க்கிறார்கள். எச்சில் ஏற்கெனவே கையில் பட்டுவிட்டதா? சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக மனித மருத்துவரிடம் போக வேண்டும், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கருச்சிதைவிலும் கவனம் வேண்டும். கருச்சிதைவை உண்டாக்கும் பாக்டீரியா நோய்களான புரூசெல்லோசிஸும் கியூ காய்ச்சலும் கருவிலிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் மனிதர்களுக்குத் தாவும். கையுறை, முகக்கவசம் இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் தெரிந்தாலோ, கோழிகள் கூட்டமாகச் சாகத் தொடங்கினாலோ நீங்களாக மாதிரி எடுத்து அனுப்பாமல் அரசின் கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். கோமாரியும் பறவைக் காய்ச்சலும் பெரும்பாலான நாடுகளில் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. அதுவரை விலங்குகள், வண்டி, ஆட்கள் யாரும் பண்ணைக்கு உள்ளே வெளியே போகாமல் நிறுத்திவையுங்கள்.

2. வெப்பமானி, கண், நோட்டுப் புத்தகம்

தொடலாம் என்று ஆனதும் முதல் வேலை காய்ச்சல் பார்ப்பது. காதைத் தொட்டுப் பார்த்துச் சொல்வது கணக்கில் சேராது. வெப்பமானியை ஆசனவாயில் நுழைத்து, முனை சாணத்துக்குள் சொருகி நிற்காமல் குடல் சுவரில் படும்படி ஓரமாகச் சாய்த்து, ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்க வேண்டும். வளர்ந்த மாட்டுக்கு 38 முதல் 39.3 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. ஆட்டுக்கும் பன்றிக்கும் கொஞ்சம் கூடுதல், 39ஐ ஒட்டி இருக்கும். கோழிக்கு 41, 42 என்பதே சாதாரணம், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். கன்றுகளுக்கும் வெயிலில் நின்ற மாட்டுக்கும் சற்று ஏறித்தான் காட்டும். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் நல்லபடியாக நிற்கும் இன்னொரு மாட்டுக்கும் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இதைவிட எளிய கட்டுப்பாட்டுச் சோதனை கிடையாது.

அப்புறம் தள்ளி நின்று பாருங்கள். அசை போடுகிறதா, மூச்சு வயிற்றை இழுத்து வாங்குகிறதா, முதுகு வளைந்திருக்கிறதா, சாணம் எப்படி இருக்கிறது, சிறுநீர் நிறம் மாறியிருக்கிறதா. சிவந்த அல்லது காப்பி நிறச் சிறுநீரைக் கண்டால் உண்ணி வழியே வரும் ரத்த ஒட்டுண்ணி முதலில் நினைவுக்கு வர வேண்டும். தொடைத் தசை வீங்கி, அழுத்தினால் நறநறவென்று காற்று நகர்வது போலிருந்தால் சப்பை நோய். கழுத்தும் தொண்டையும் சேர்ந்து வீங்கி, மூச்சு கறகறத்தால் தொண்டை அடைப்பான். இந்த இரண்டிலும் நேரம் மணிக்கணக்கில்தான் இருக்கிறது. ஆய்வக முடிவு வரட்டும் என்று மருத்துவர் காத்திருக்க மாட்டார், மாதிரி எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிடுவார்.

நோட்டில் எழுத வேண்டியவை பல, ஆனால் மூன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: எத்தனை உருப்படிகளில் எத்தனைக்கு நோய், எந்த வயதுக்கு வந்திருக்கிறது, புதிதாக என்ன நடந்தது. மூன்றாவதில்தான் பெரும்பாலும் விடை ஒளிந்திருக்கும். வாங்கி வந்த புது மாடு, மாறிய தீவனம், தொலைதூரப் பயணம், தடுப்பூசி போட்ட தேதி, மழைக்குப் பிறகு பெருகிய கொசு எல்லாம் இதில் வரும்.

3. தொற்றுதானா, எந்த வகை

நோய் என்றாலே கிருமி என்று முடிவு கட்டுவது புதியவர்களிடம் அதிகம். கன்று ஈன்ற மறுநாள் எழ முடியாமல் கழுத்தைப் பக்கவாட்டில் மடித்துப் படுத்திருக்கும் பசுவுக்கு உடல் வெப்பம் இயல்பைவிடக் குறைந்திருந்தால், அது சுண்ணாம்புச்சத்துக் குறைவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். பெயரில் பால் காய்ச்சல், உடம்பில் காய்ச்சல் இருக்காது. தீவனம் மாற்றிய சில மணி நேரத்தில் ஒரே சமயத்தில் பல மாடுகள் விழுந்தால் நஞ்சை முதலில் சந்தேகியுங்கள். தொற்று பொதுவாக ஒன்று, பிறகு மூன்று, பிறகு பத்து என்று நாட்கணக்கில் ஏறும்.

தொற்று என்று தோன்றினால் பாக்டீரியா, வைரஸ், ஒரு செல் ஒட்டுண்ணி, பூஞ்சை என்ற நான்கு வீடுகளில் எந்த வீடு என்று யோசித்துக்கொள்வது நல்லது. ஒவ்வொன்றுக்கும் மாதிரி வேறு, குப்பி வேறு. இங்கே வயது மிகவும் உதவும். கன்றுக் கழிச்சலை எடுத்துக்கொள்வோம். பிறந்து முதல் மூன்று நான்கு நாளுக்குள் நீர்போலக் கழிந்தால் நச்சு சுரக்கும் ஈ. கோலை. ஒன்று இரண்டு வார வயதில் ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒரு செல் ஒட்டுண்ணி. மூன்று வாரத்துக்கு மேல் ரத்தமும் சளியுமாக முக்கிக் கழிந்தால் காக்சிடியா என்ற ஒரு செல் ஒட்டுண்ணி. சால்மொனெல்லா என்ற பாக்டீரியா எந்த வயதிலும் வரும், காய்ச்சலோடு வரும். ஒரே கழிச்சல்தான், ஆனால் ஆய்வகத்தில் கேட்க வேண்டிய கேள்வி வயதைப் பொறுத்து முற்றிலும் மாறிவிடுகிறது. இத்தனைக்கும் அடியில் சீம்பால் சரியாகக் குடித்ததா என்ற கேள்வியும் இருக்கிறது. பிறந்த சில மணி நேரத்துக்குள் போதுமான சீம்பால் போகாத கன்றில் எந்தக் கிருமியைக் கண்டுபிடித்தாலும் அது பாதிக் கதைதான்.

4. எந்த விலங்கிடமிருந்து எடுப்பது

இறக்கும் நிலையில் இருப்பதிடம் எடுத்தால் கிருமி அதிகம் கிடைக்கும் என்று தோன்றும். பெரும்பாலும் நேர்மாறு. வைரஸ் நோய்களில் கிருமி அதிகமாக வெளியேறுவது காய்ச்சல் ஏறிய முதல் சில நாட்களில்தான். மாடு மோசமாகத் தெரியும் நேரத்தில் வைரஸ் அடங்கி, பின்னால் வந்த பாக்டீரியாக்கள் மூக்கையும் நுரையீரலையும் பிடித்திருக்கும். ஆகவே நேற்றோ இன்றோ காய்ச்சல் தொடங்கிய, இன்னும் எந்த மருந்தும் போடாத நாலைந்து உருப்படிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்றிடம் எடுத்துவிட்டு மந்தை முழுவதற்கும் முடிவு கேட்பது நியாயமில்லை.

மருந்துக்கு முன் மாதிரி. எந்த நோயாக இருந்தாலும் இந்த வரிசை மாறக் கூடாது. மருந்து ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால் மறைக்காமல் எழுதுங்கள். எந்த மருந்து, எப்போது என்று தெரிந்தால் கிருமி ஏன் வளரவில்லை என்பது ஆய்வகத்துக்குப் புரியும்.

5. மாதிரி எடுத்தல்

ரத்தத்துக்கு இரண்டு குழாய்கள். ஊதா மூடிக் குழாயில் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. இருக்கும். அணுக்களை எண்ண, ரத்த ஒட்டுண்ணி தேட, பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) செய்ய இது. ரத்தம் விட்டதும் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்கக் கூடாது. சிவப்பு மூடிக் குழாய் வெறுமையானது, எதிர்ப்புரதம் (கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்குவது) பார்க்கத் தேவையான சீரத்துக்காக, அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீருக்காக. எடுத்த உடனே குளிர்பெட்டியில் தள்ளாமல், நிழலில் நிற்கவைத்து உறைய விட்டு, சீரத்தைப் பிரித்த பிறகு குளிர வையுங்கள். முழு ரத்தத்தை உறைநிலைக்குக் கொண்டுபோனால் சிவப்பணுக்கள் உடைந்து மாதிரி வீணாகிவிடும்.

உண்ணிக் காய்ச்சல் சந்தேகம் என்றால் கழுத்து நரம்பு ரத்தத்தோடு, காது நுனியிலோ வால் நுனியிலோ குத்தி எடுத்த முதல் துளியில் ஒரு பூச்சும் போட்டுக்கொள்ளுங்கள். சில பபீசியா ஒட்டுண்ணிகள் மெல்லிய நுண்குழாய்களில்தான் கூட்டமாக இருக்கும். உண்ணி வழியே வரும் இன்னொரு ஒட்டுண்ணியான தைலீரியாவுக்கு வீங்கிய நிணநீர்க் கணுவிலிருந்து ஊசியால் எடுத்த பூச்சு அதிகம் சொல்லும். பூச்சைக் காற்றில் நன்றாக உலர்த்தி, ஈ மொய்க்காமல் மூடுங்கள். ஃபார்மலின் பாட்டிலோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். அதன் ஆவி பட்டால் சாயம் சரியாக ஏறாது.

பாலில்தான் தவறுகள் அதிகம் நடக்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மடிநோய் வெளியே தெரியாமலும் இருக்கும். பால் பார்க்க நன்றாகவே இருக்கும், கறவை மட்டும் குறையும். முதலில் கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனையைச் செய்யுங்கள். நான்கு கிண்ணம் உள்ள தட்டில் ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியே கறந்து, அதே அளவு சோதனைத் திரவத்தைச் சேர்த்து வட்டமாகச் சுழற்ற வேண்டும். அழற்சி இருந்தால் பாலில் வெள்ளணுக்கள் பெருகியிருக்கும். திரவம் அந்த அணுக்களை உடைத்ததும் உள்ளிருக்கும் டி.என்.ஏ. வெளிவந்து கலவை கூழாகும். சில நொடிகளுக்குள் படித்துவிடுங்கள், நேரம் போனால் கூழ் இளகிவிடும். எண்ணிக்கையில் சொன்னால், ஒரு மி.லி. பாலில் 2 லட்சம் அணுக்களுக்கு மேல் போனால் அந்த மடிப்பகுதியில் தொற்று இருக்கலாம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். கிருமி எது என்பதை இந்தச் சோதனை சொல்லாது. எந்தக் காம்பிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும் என்பதை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

இனி மாதிரி. காம்பு அழுக்காக இருந்தால் கழுவி முழுக்கத் துடைத்து உலர்த்துங்கள், ஈரமாக விடுவது கழுவாததைவிட மோசம். முதல் மூன்று நான்கு பீச்சல்களை வேறு பாத்திரத்தில் விட்டுவிடுங்கள். 70 சதவீத ஆல்கஹால் நனைத்த பஞ்சால் காம்பின் நுனியை, பஞ்சு அழுக்காகாமல் வரும் வரை துடையுங்கள். ஒவ்வொரு காம்புக்கும் புதுப் பஞ்சு. துடைக்கும்போது உங்களுக்கு எட்டத்தில் உள்ள காம்பில் தொடங்கிக் கிட்டத்தில் முடியுங்கள். கறக்கும்போது கிட்டத்தில் தொடங்கி எட்டத்தில் முடியுங்கள். துடைத்த காம்பின் மேல் கை உரசாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. குழாயைப் படுக்கைவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மடியிலிருந்து உதிரும் முடியும் தூசியும் உள்ளே விழாது. மூடியின் உட்புறம் கையிலும் படக் கூடாது, தரையிலும் படக் கூடாது. ஐந்து மி.லி. போதும். உடனே பனிக்கட்டிமேல் வையுங்கள். இவ்வளவும் எதற்கென்றால், ஒரு மாதிரியில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வகைக் கிருமிகள் வளர்ந்தால் ஆய்வகம் அதை மாசுபட்டது என்று ஒதுக்கிவிடும். சாணத்தில் இருந்த கிருமிக்கு யாரும் வைத்தியம் செய்ய விரும்புவதில்லை.

சுத்தமாக எடுத்தும் எதுவும் வளராமல் போகலாம். மடிநோய் தரும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பாலில் விட்டுவிட்டுத்தான் வெளிவரும். சில நாள் கழித்து அதே காம்பிலிருந்து மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கும்.

சாணத்தைத் தரையிலிருந்து அள்ளாமல் கையுறையோடு மலக்குடலிலிருந்து எடுங்கள், குளிரில் வையுங்கள், உறைய வைக்க வேண்டாம். பூஞ்சைப் படைக்குத் திட்டின் நடுவில் சுரண்டிப் பயனில்லை, கிருமி உயிரோடு இருப்பது பரவிக்கொண்டிருக்கும் ஓரத்தில். அங்கே முடியைப் பிடுங்கிச் செதிலோடு சுரண்டி, ஈரம் சேராதபடி காகித உறையில் போடுங்கள்.

மூக்கிலும் கண்ணிலும் பஞ்சுக்குச்சியால் துடைப்பெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வைரஸ் மாதிரியைப் போட்டு அனுப்பும் திரவ ஊடகத்தில் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து கலந்திருக்கும். பாக்டீரியா வளர்க்க வேண்டிய துடைப்பை அதில் முக்கினால் வேலை அங்கேயே முடிந்தது. சந்தேகம் இரண்டு பக்கமும் இருந்தால் இரண்டு துடைப்பு எடுங்கள். பி.சி.ஆருக்கு மரக்குச்சித் துடைப்பான் வேண்டாம், பிளாஸ்டிக் தண்டில் செயற்கை இழை சுற்றியதை வாங்குங்கள்.

கோமாரியில் மருத்துவர் எடுப்பது, உடையாத அல்லது அப்போதுதான் உடைந்த கொப்புளத்தின் மேல்தோல், குறைந்தது ஒரு கிராம். கிளிசராலும் பாஸ்பேட் தாங்கல் கரைசலும் கலந்த, அமிலமில்லாத திரவத்தில் அதைப் போடுவார். அமிலத்தன்மை ஏறினால் இந்த வைரஸ் சீக்கிரம் செத்துவிடும். பார்த்தாலே கோமாரி என்று தெரிகிறதே, எதற்கு ஆய்வகம் என்று கேட்கலாம். ஓ, ஏ, சி, ஆசியா 1, சாட் 1, 2, 3 என்று இந்த வைரஸில் ஏழு வகைகள் உண்டு. ஒன்றுக்கான தடுப்பூசி மற்றொன்றைத் தடுக்காது. சி வகை மட்டும் 2004க்குப் பிறகு உலகில் எங்கும் பதிவாகவில்லை. சுற்றில் இருப்பது எது என்று தெரியாமல் சரியான தடுப்பூசியைத் தேர்ந்தெடுக்க முடியாது. பன்றியில் இதே போன்ற கொப்புளத்தைத் தரும் வேறு வைரஸ்களும் இருக்கின்றன, கண்ணால் பிரித்தறிய வழியே இல்லை.

கருச்சிதைவில் தாயின் ரத்தத்தை மட்டும் அனுப்புவது போதாது. நஞ்சுக்கொடியை, அதில் பொத்தான் போலத் திரண்டிருக்கும் கொத்துகளோடு சேர்த்தும் கருவை முழுதாகவும் குளிரில் அனுப்புவது சிறந்தது. கருவை அனுப்ப முடியாவிட்டால் அதன் இரைப்பைத் திரவம், நுரையீரல், கல்லீரல். நஞ்சுக்கொடியைத் தூக்கி எறிந்துவிட்டுக் காரணம் கேட்டால் பல நேரம் பதில் கிடைக்காது.

இறந்த விலங்கை, ஆந்த்ராக்ஸ் இல்லை என்று உறுதியான பிறகே, மருத்துவர் அறுத்துப் பார்ப்பார். அசைபோடும் விலங்குகளில் இரைப்பை நொதித்து உடல் வேகமாகக் கெடும், அதனால் சில மணி நேரத்துக்குள் செய்தால்தான் பயன். திசுவை இரண்டு விதமாக வைக்க வேண்டும். கிருமி வளர்க்க வேண்டியது பச்சையாக, ஒவ்வொரு உறுப்பும் தனிப் பையில், குளிரில். குடலைக் கல்லீரலோடு ஒரே பையில் போட்டால் எல்லாம் குடல் கிருமியாகிவிடும். நுண்நோக்கியில் திசு அமைப்பைப் பார்க்க வேண்டியது 10 சதவீத ஃபார்மலினில், திசுவைப் போலப் பத்து மடங்கு திரவத்தில், ஒரு செ.மீ.க்கும் குறைவான தடிமனில். முழுக் கல்லீரலைக் குறுகிய வாய்ப் பாட்டிலில் திணித்தால் வெளிப்பகுதி பதமாகும், உள்ளே அழுகும். ஃபார்மலினில் போட்டதில் எந்தக் கிருமியையும் வளர்க்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. கட்டி அனுப்புதல்

மூன்று அடுக்கு: கசியாத குழாய், அதைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சும் கசியாத இரண்டாவது பெட்டியும், வெளியே கெட்டியான பெட்டி. இடையில் பனிக்கட்டிப் பொதி. குழாயின் மூடியில் எழுதாதீர்கள், உடலில் எழுதுங்கள், மூடி மாறிப்போகும். அழியாத பேனாவால் விலங்கின் எண், மாதிரி வகை, தேதி. வார இறுதிக்கு முந்திய மாலையில் அனுப்பினால் பெட்டி யாரும் திறக்காமல் இரண்டு நாள் கிடக்கும். ஆய்வகத்துக்கு முதலில் தொலைபேசியில் சொல்லிவிடுவது எப்போதும் நல்லது.

விண்ணப்பப் படிவத்தில் "எல்லாம் பார்க்கவும்" என்று எழுதுவது எதையும் கேட்காததற்குச் சமம். நோட்டில் எழுதிய மூன்று விஷயங்கள், காய்ச்சல் அளவு, தந்த மருந்து, போட்ட தடுப்பூசி, உங்கள் மருத்துவரின் சந்தேகம் ஆகியவற்றை எழுதுங்கள். கிருமி வளர்க்கும் சாதாரண ஊடகத்தில் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வளராது. காற்றில்லாமல் வாழும் கிளாஸ்ட்ரிடியம் வகைகளுக்குத் தனி ஏற்பாடு தேவை. செம்மறியில் கிளாஸ்ட்ரிடியம் வகை ஒன்றின் நச்சால் வரும் துள்ளுமாரி சந்தேகம் என்றால் கிருமி இருக்கிறதா என்பதைவிடக் குடல் திரவத்தில் அதன் நச்சு இருக்கிறதா என்பதே கேள்வி. நீங்கள் சொன்னால்தான் அவர்கள் அந்த வழியில் தேடுவார்கள்.

7. ஆய்வகத்துக்குள்

முதலில் சாயம் ஏற்றிய பூச்சு, சில நிமிட வேலை. பிறகு ரத்த அகர், மெக்கான்கி அகர் போன்ற, கிருமி வளர்க்கும் தட்டுகளில் தடவி 37 டிகிரியில் ஒன்றிரண்டு நாள். வளர்ந்த திட்டை அடையாளம் கண்டு, எந்த ஆன்டிபயாடிக்குக்கு மசியும் என்று பார்க்க இன்னொரு நாள். ஆக, மூன்று நாளுக்குக் குறைவாக முழு முடிவை எதிர்பார்க்காதீர்கள். காசநோய்க் கிருமி வளர வாரக்கணக்கில் ஆகும், குடலைத் தாக்கும் ஜோனி நோயின் கிருமிக்கு மாதங்கள்கூட ஆகும். அதனால்தான் மாட்டுக் காசநோய்க்குத் தோலில் டியூபர்குலின் ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளக்கும் முறை இன்னும் நிற்கிறது.

பி.சி.ஆர். கிருமியின் மரபணுத் துண்டைத் தேடுகிறது. வேகமானது, துல்லியமானது, ஆனால் செத்த கிருமியையும் காட்டும், மருந்துக்கு மசியுமா என்று பொதுவாகச் சொல்லாது. எலைசா என்ற சோதனை பெரும்பாலும் உடல் உண்டாக்கிய எதிர்ப்புரதத்தைத் தேடுகிறது. அதாவது இந்த விலங்கு இந்தக் கிருமியை எப்போதோ சந்தித்திருக்கிறது என்று சொல்லும், இன்றைய நோய்க்கு அதுதான் காரணம் என்று சொல்லாது.

8. தாள் கைக்கு வந்த பிறகு

"பாசிட்டிவ்" என்று வந்தால் உடனே நம்பிவிடவும் வேண்டாம், ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஈ. கோலை எல்லாக் கன்றின் குடலிலும் இருக்கிறது. கழிச்சலில் அது வளர்ந்தது செய்தியே அல்ல, நச்சு சுரக்கும் வகைதானா என்பதே செய்தி. நல்ல மாட்டின் மூக்கிலும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா குடியிருக்கும். புரூசெல்லாவுக்கான ரோஸ் பெங்கால் சோதனை, எஸ்19 தடுப்பூசி போட்ட விலங்கிலும் யெர்சினியா என்ற வேறு பாக்டீரியாவின் தொற்று உள்ள விலங்கிலும் தவறாகப் பாசிட்டிவ் காட்டலாம், ஆகவே வேறொரு சோதனையால் உறுதிசெய்த பிறகே மாட்டின் தலையெழுத்தை முடிவுசெய்ய வேண்டும். கோமாரியில் இந்தச் சிக்கலுக்கு நல்ல தீர்வு இருக்கிறது. சுத்திகரித்த தடுப்பூசியில் வைரஸின் கட்டமைப்பு சாராப் புரதங்கள், அதாவது வைரஸ் உடலில் பெருகும்போது உண்டாகும் புரதங்கள், இருக்காது. அவற்றுக்கான எதிர்ப்புரதம் தெரிந்தால் தடுப்பூசியால் வந்ததல்ல, நிஜத் தொற்றுதான் என்று பிரித்துவிடலாம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் மாடுகளில் உண்மையில் பத்துக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ள நூற்றில் 95ஐப் பிடிக்கும், நோயில்லாத நூற்றில் 5ஐத் தவறாகச் சுட்டும் ஒரு சோதனை. நல்ல சோதனைதான். ஆனால் அது உண்மையான பத்தில் ஒன்பதோ பத்தோ பிடிக்கும், நலமாக இருக்கும் 990இல் சுமார் ஐம்பதையும் சேர்த்துப் பிடிக்கும். பாசிட்டிவ் வந்த அறுபதில் ஆறில் ஒன்றுதான் நிஜம். அதே சோதனையை, வரிசையாகக் கருச்சிதைவு நடந்துகொண்டிருக்கும் மந்தையில் செய்தால் பாசிட்டிவ் பெரும்பாலும் நிஜமாகவே இருக்கும். தாளில் உள்ள எண்ணைத் தொழுவத்தில் கண்டதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

மருந்து உணர்திறன் பட்டியலில், தட்டில் மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் அளவு மி.மீ.யில் இருக்கும். பெரிய வட்டம் உள்ளதே சிறந்த மருந்து என்று எடுத்துக்கொள்வது பரவலான தவறு. ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் தனி. ஒன்றின் 18 மி.மீ. வெற்றியாகவும் இன்னொன்றின் 22 மி.மீ. தோல்வியாகவும் இருக்கலாம். பக்கத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள்: உணர்திறன் உள்ளது, இடைநிலை, எதிர்ப்பு உள்ளது. அதிலும் மடிக்குள் போய்ச் சேரும் மருந்தா, பால், இறைச்சியில் எத்தனை நாள் தங்கும் என்பதையெல்லாம் வைத்து மருத்துவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் சொல்லும் விலக்குக் காலம் முடியும் வரை அந்தப் பாலும் இறைச்சியும் யாருக்கும் போகக் கூடாது. வைரஸ் என்று முடிவானால் ஆன்டிபயாடிக் அந்த வைரஸை ஒன்றும் செய்யாது, பின்தொடர்ந்து பாக்டீரியா வந்திருந்தால் மட்டுமே அதற்கு வேலை.

எல்லாமே நெகட்டிவ் என்று வந்தால்? மாதிரி எடுத்த நாள், தந்த மருந்து, பெட்டி எத்தனை நாள் பயணம் செய்தது என்பதை முதலில் பாருங்கள். எங்கும் பிழையில்லை என்றால் எதிர்ப்புரதம் வழியாக இன்னொரு கதவு இருக்கிறது. காய்ச்சல் நாளில் எடுத்த சீரம் ஒன்று, இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து அதே மாட்டிடம் எடுத்த சீரம் ஒன்று. எதிர்ப்புரத அளவு நான்கு மடங்கு அல்லது அதற்கு மேல் ஏறியிருந்தால் அந்தக் காய்ச்சலுக்கு அந்தக் கிருமிதான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதி. இரண்டையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே நாளில் சோதித்தால்தான் ஒப்பிட முடியும். ஆகவே முதல் சீரத்தில் ஒரு பங்கைத் தனிக் குழாயில் ஊற்றி, மாட்டின் எண்ணையும் தேதியையும் எழுதி உறைநிலைப் பெட்டியில் போட்டுவையுங்கள். இரண்டாவதை எடுக்க வேண்டிய நாளை இப்போதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மாடு தேறிவிட்டது என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள்.